கடிகாரமே தப்பு என்றார்கள்... ஒலிம்பிக் தங்கத்தோடு திரும்பினார்! யார் இந்த ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு?

100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் உலக சாதனை நேரம் 46.40 வினாடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஷான்லே படைத்தது. இந்தப் போட்டியில் வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கம் கைமாறுவதெல்லாம் சகஜம். ஆனாலும் நேரம் சரியா தப்பா என்று சண்டை வருவது அபூர்வம். நீச்சல் குளத்தின் சுவரில் பொருத்தியிருக்கும் பலகையில் விரல் பட்டதுமே நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

1911-ல் நிலைமையே வேற. ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதுதான் நேரம். அவர் சொன்னதை நம்பலாமா வேண்டாமா என்பதை, போட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத சங்க அதிகாரிகள் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அப்படித்தான் ஹவாயைச் சேர்ந்த 20 வயது இளைஞரின் நீச்சல், நடக்கவே வாய்ப்பில்லை என்று ஒதுக்கப்பட்டது.

அந்த இளைஞர்தான் டியூக் கஹானமோகு. மூன்று ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு 3 தங்கம், 2 வெள்ளி வென்றவர். இன்று உலகம் முழுக்க அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் அவரைத் தங்கள் குலதெய்வம் மாதிரி கொண்டாடுகிறார்கள். அந்தப் புகழில் அவர் ஒரு குறுந்தூர நீச்சல் வீரர் என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

டியூக் என்பது பட்டமா?

இல்லை, பெயரே அதுதான். 1869-ல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த எடின்பரோ கோமகன், அதாவது டியூக், ஹவாய்க்கு வந்தார். அதன் நினைவாக அந்தச் சமயத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு டியூக் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து போலீஸ்காரர் ஆகி, தன் மூத்த மகனுக்கும் அதே பெயரை வைத்தார். அந்த மகன்தான் நம்ம ஆள். 1890 ஆகஸ்ட் 24-ல் ஹொனலுலுவில் பிறந்தார்.

அப்போது ஹவாய் தனி நாடு. அதற்கென்று அரச பரம்பரை இருந்தது. டியூக்குக்கு இரண்டு வயது இருக்கும்போது, 1893-ல், ராணி லிலியுகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் ஹவாயை அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது. எனவே பின்னாளில் அவர் அணிந்த அமெரிக்க நீச்சல் உடை, அவர் பிறந்தபோது அவருடைய நாட்டுக்கு உரியதே அல்ல. இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

பயிற்சியாளரும் இல்லை, குளமும் இல்லை

வைகிகி கடற்கரைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். சகோதரர்களோடு சேர்ந்து நீந்துவது, கட்டுமரம் போன்ற நீண்ட படகுகளைத் துடுப்பு போட்டு ஓட்டுவது, கனமான மரப்பலகை மீது படுத்துக் கையாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அலையைத் தாண்டிப் போவது, திரும்பி வரும்போது அதன் மேல் நின்று சறுக்குவது. தினசரி வேலையே இதுதான். இன்றைய நீச்சல் வீரர் ஜிம்மில் தோள் பலத்துக்காகச் செய்யும் பயிற்சியை, விளையாட்டு என்ற பெயரிலேயே அவர் செய்து முடித்திருந்தார். உயரம் 6 அடி 1 அங்குலம். கைகளும் பாதங்களும் துடுப்பு போலப் பெரியவை.

அவருடைய ரகசியம் காலில் இருந்தது. அந்தக் காலத்தில் வேகமான நீச்சல் என்றால் ஆஸ்திரேலியர்களின் கிரால் முறைதான். அதில் இரண்டு கைகளும் ஒரு சுற்று முடிப்பதற்குள் கால் இரண்டு முறை அடித்தால் போதும். கஹானமோகுவோ ஒரு சுற்றுக்கு ஆறு முறை, சிறு சிறு அடியாக, நிறுத்தாமல் அடித்தார். இதனால் என்ன லாபம்? இடுப்பும் தொடையும் தண்ணீருக்குள் அமிழாது. உடல் மேல்மட்டத்திலேயே மிதந்து போகும், தண்ணீரின் எதிர்ப்பு குறையும். ஆனா கால் தசைகள் ஏகப்பட்ட ஆக்சிஜனைக் கேட்கும். அதனால் 1,500 மீட்டருக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும் போட்டிக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது.

இந்தக் கால் வீச்சைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. அமெரிக்காவில் சார்ல்ஸ் டேனியல்ஸ் போன்றவர்களும் அதே காலத்தில் கால் அடியின் எண்ணிக்கையை கூட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்க்கும்படி அதைச் செய்து காட்டியவர் கஹானமோகு என்று சொல்வதுதான் சரி.

1911 ஆகஸ்ட் 11: துறைமுகத்தில் என்ன நடந்தது?

அமெரிக்க விளையாட்டுகளை அப்போது கட்டுப்படுத்தியது ஏ.ஏ.யு. எனப்படும் அமெச்சூர் தடகளச் சங்கம். அதன் அங்கீகாரத்தோடு ஹவாயில் முதல் நீச்சல் போட்டி நடந்தது. நீச்சல் குளம் எதுவும் இல்லாததால், ஹொனலுலு துறைமுகத்தில் கப்பல் கட்டும் துறைகளுக்கு நடுவே இருந்த கடல்நீரில் தூரத்தை அளந்து குறித்தார்கள். எண்ணெய்யும் குப்பையும் மிதக்கும் தண்ணீர் அது.

100 கெஜம், அதாவது 91.44 மீட்டர். கஹானமோகு எடுத்துக்கொண்ட நேரம் 55.4 வினாடி. டேனியல்ஸ் பெயரில் இருந்த சாதனையைவிட இது 4.6 வினாடி குறைவு என்று கணக்குச் சொன்னார்கள். 50 கெஜத்தையும் 24.2 வினாடியில் கடந்தார்.

4.6 வினாடின்னா என்ன பெருசு என்று தோன்றலாம். அவர் முடிவுக் கோட்டைத் தொட்டபோது பழைய சாதனை வேகத்தில் இன்னொருவர் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தால், அவர் சுமார் 7 மீட்டர் பின்னால் இருந்திருப்பார். சாதனைகள் வினாடியின் சிறு பங்குகளில் குறைந்துவந்த காலத்தில், ஒரே தாவலில் இவ்வளவு.

நேரம் பார்த்தவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடிகாரங்களைச் சரிபார்த்தார்கள். தூரத்தை மறுபடி மறுபடி அளந்தார்கள். நில அளவையாளரை வைத்தும் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. விவரங்களை அமெரிக்காவின் பெருநிலப் பகுதியில் இருந்த ஏ.ஏ.யு. தலைமைக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்து வந்தது அங்கீகாரம் இல்லை, சந்தேகம். ஸ்டாப்வாட்ச்சுக்குப் பதிலாக அலாரம் கடிகாரத்தை வைத்து அளந்தீர்களா என்று கிண்டலாகக் கேட்டதாக இன்றும் ஹவாயில் கதை சொல்வார்கள். கடல் நீரோட்டம் அவரைத் தள்ளிவிட்டிருக்கும் என்பது இன்னொரு காரணம். சாதனை ஏற்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் சங்கம் அதை ஒப்புக்கொண்டது.

நீரோட்டம் என்ற வாதத்தை முழுசா முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. கடலில் அது சாத்தியம்தான். ஆனால் அதே அதிகாரிகள் இன்னொரு பக்கத்தைப் பார்க்கவில்லை. குளத்தில் நீந்துபவர் ஒவ்வொரு முறை சுவரை அடையும்போதும் காலால் உதைத்து இலவசமாக வேகம் வாங்கிக்கொள்வார். 25 கெஜக் குளத்தில் 100 கெஜம் நீந்தினால் அப்படி மூன்று உதைகள் கிடைக்கும். துறைமுகத்தில் நேர்க்கோட்டில் நீந்திய கஹானமோகுவுக்கு அதில் ஒன்றுகூட இல்லை.

குளிர்ந்த குளத்தில் பிடித்த தசைப்பிடிப்பு

நம்பவில்லையா, நேரில் வந்து காட்டுகிறோம் என்று ஹொனலுலு மக்கள் காசு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1912 தொடக்கத்தில் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கப்பலேறினார்.

ஆரம்பம் சொதப்பல். வெதுவெதுப்பான கடல் தவிர வேறெதுவும் தெரியாத உடம்பு அது. பிட்ஸ்பர்க் நகரில் உள்ளரங்கக் குளத்தின் குளிர்ந்த நீரில் 220 கெஜம் நீந்தும்போது தசைப்பிடிப்பு வந்து, அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. சந்தேகப்பட்டவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜார்ஜ் கிஸ்லரிடம் சேர்ந்தார். கிஸ்லர் அவருடைய கையையோ காலையோ மாற்றப் போகவில்லை. அவருக்குத் தெரியாத இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பாய்வது. இன்னொன்று, சுவரில் திரும்புவது. 100 மீட்டரில் வேகம் இருந்தும் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். சில வாரங்களில் கற்றுக்கொண்டு, தகுதிப் போட்டிகளில் வென்று, அமெரிக்க ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தார்.

ஃபின்லாந்து என்ற கப்பலில் அணி ஸ்டாக்ஹோமுக்குப் புறப்பட்டது. நீச்சல் வீரர்கள் பயிற்சி செய்யக் கப்பலின் மேல்தளத்தில் கித்தான் துணியால் ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். சிறிய தொட்டி. அதில் முன்னே போக வழியில்லாமல் இருந்த இடத்திலேயே கை கால் வீசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்டாக்ஹோம் 1912: தூக்கிவிட்ட எதிராளி

ஸ்டாக்ஹோமில் நீச்சல் போட்டிகள் கடற்கழியில் தடுப்பு கட்டி நடத்தப்பட்டன. 100 மீட்டர், நேர்க்கோடு, திரும்புதல் இல்லை. கஹானமோகுவுக்கு ஹொனலுலு துறைமுகம் மாதிரியே இருந்திருக்கும், குளிரைத் தவிர.

சுலபமாக முன்னேறிக்கொண்டிருந்தவர் அரையிறுதிக்கு வரவே இல்லை! அவர் மட்டுமல்ல, கென்னத் ஹுஸா, பெர்ரி மெக்கில்லிவ்ரே என மூன்று அமெரிக்கர்களும் வரவில்லை. அன்றைக்கு அரையிறுதி இல்லை என்று அணியினர் தவறாகப் புரிந்துகொண்டதுதான் காரணம். விதிப்படி மூவரும் வெளியே.

இங்கேதான் ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலி வருகிறார். கஹானமோகு இல்லாவிட்டால் தங்கத்துக்கு மிக அருகில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் அமெரிக்கர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தர வேண்டும் என்று அவர் வாதாடினார். மூவருக்கும் தனியாக ஓர் அரையிறுதி நடந்தது. கஹானமோகு 1 நிமிடம் 2.4 வினாடியில் முடித்தார். ஜெர்மனியின் குர்ட் பிரெட்டிங் அந்த ஆண்டு ஏப்ரலில் படைத்திருந்த உலக சாதனைக்குச் சமமான நேரம்.

இறுதிப் போட்டியில் 1 நிமிடம் 3.4 வினாடி, தங்கம். 1.2 வினாடி பின்னால் வந்து வெள்ளி வாங்கியவர், செசில் ஹீலியேதான். 4×200 மீட்டர் தொடர் நீச்சலில் ஹீலி இருந்த அணி தங்கமும், கஹானமோகுவின் அணி வெள்ளியும் பெற்றன. ஹீலி 1918-ல் முதல் உலகப் போரில் பிரான்ஸ் மண்ணில் உயிரிழந்தார். அன்று அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் கஹானமோகு என்ற பெயரை நாம் இன்று பேசிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகமே.

ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில், ஜூலை 20 அன்று, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1 நிமிடம் 1.6 வினாடி நீந்தி உலக சாதனையைத் தனதாக்கினார். இந்த முறை கடிகாரத்தை யாரும் குறை சொல்லவில்லை. 1915 ஜனவரியில் சிட்னியில் 100 கெஜத்தை 53.8 வினாடியில் கடந்தார். ஹொனலுலுவில் நம்ப மறுத்த 55.4-ஐவிட இது இன்னும் 1.6 வினாடி குறைவு!

அந்த ஆஸ்திரேலியப் பயணத்தில்தான் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில், தானே செதுக்கிய மரப்பலகையில் அலைச்சறுக்கு செய்து காட்டினார். அந்தப் பலகையை அங்கே இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பிறந்தநாளில் தங்கம், மறுபடி நீந்தி அதே தங்கம்

1916 பெர்லின் ஒலிம்பிக் போரால் ரத்தானது. 26 வயதில், உச்சத்தில் இருந்த ஒரு குறுந்தூர வீரருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

1920-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப். பழைய கோட்டை அகழியில் அமைத்த, எலும்பு வரை குளிரும் கருத்த நீர். இறுதிப் போட்டி நடந்த ஆகஸ்ட் 24 அவருடைய 30-வது பிறந்தநாள். 1 நிமிடம் 0.4 வினாடி, உலக சாதனையோடு தங்கம். ஆனால் தன் பாதையில் குறுக்கீடு நடந்ததாக ஆஸ்திரேலிய வீரர் வில்லியம் ஹெரால்ட் புகார் செய்ய, ஐந்து நாள் கழித்து இறுதிப் போட்டியை மறுபடி நடத்தினார்கள். மறுபடியும் கஹானமோகுவே முதலிடம். தொடர் நீச்சலிலும் உலக சாதனையோடு தங்கம் கிடைத்தது.

ஒரு நிமிடம் என்ற கோட்டைக்கு அரை வினாடி தூரத்தில் நின்றார். அதை உடைத்தவர் வேறு ஒருவர். 1922 ஜூலை 9-ல் சிகாகோவைச் சேர்ந்த 18 வயது ஜானி வெய்ஸ்முல்லர் 58.6 வினாடியில் நீந்தினார். ஆமாம், பின்னாளில் சினிமாவில் டார்சானாக வந்தாரே, அவரேதான்.

1924 பாரிஸில் இருவரும் நேருக்கு நேர். வெய்ஸ்முல்லர் 59 வினாடி, தங்கம். 34-வது பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்த கஹானமோகு 1 நிமிடம் 1.4 வினாடி, வெள்ளி. வெண்கலம் அவருடைய தம்பி சாமுக்கு. அண்ணனும் தம்பியும் கூட்டுச் சேர்ந்து தன்னை மடக்குவார்களோ என்று வெய்ஸ்முல்லர் பயந்ததாகவும், மூன்று இடத்திலும் அமெரிக்கக் கொடி ஏறணும், அதுதான் முக்கியம் என்று கஹானமோகு தைரியம் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவரைத் தெரிந்தவர்கள் அதை நம்பினார்கள்.

தங்கம் இருந்தது, காசு?

ஒரு ஒலிம்பிக் தங்கம் வாங்கினால் இன்று கோடிகளில் பரிசும் விளம்பரமும் வரும். அன்று வந்தால் ஆபத்து. அமெச்சூர் விதிப்படி விளையாட்டால் ஒரு காசு சம்பாதித்தாலும் தகுதி போய்விடும். கஹானமோகுவோடு அதே ஃபின்லாந்து கப்பலில் போய் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், முன்பு சொற்பப் பணத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக 1913-ல் பதக்கங்களைப் பறிகொடுத்தார். அவரும் பழங்குடி இனத்தவர். இதைக் கண்ணெதிரே பார்த்தவருக்குப் பயம் இருக்காதா?

ஹொனலுலு மக்கள் தங்கள் வீரருக்குப் பரிசு தர நிதி திரட்டினார்கள். பணமாகக் கொடுத்தால் தகுதி போகும் என்பதால், அதில் ஒரு வீடு வாங்கித் தந்தார்கள். மற்றபடி வேலைக்குப் போய்த்தான் சாப்பிட்டார். ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. பெரும்பாலும் தீவின் தலைவர், கடற்கொள்ளையர் மாதிரி. காசு வாங்கிக்கொண்டு படத்தில் நீந்தினால் அமெச்சூர் தகுதிக்கு ஆபத்து. உலகின் வேகமான நீச்சல்காரருக்கு நீச்சல் தவிர மற்றதெல்லாம் தரும் வேலை! அவரை வென்ற வெய்ஸ்முல்லர் 1932-ல் டார்சானாகி உலகப் புகழ் அடைந்தபோது, கஹானமோகு ஹொனலுலு திரும்பியிருந்தார். பெட்ரோல் பங்க் நடத்தினார்.

நேரம் பார்க்க யாரும் இல்லாத நீச்சல்

1925 ஜூன் 14. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் அருகே, தெல்மா என்ற படகு 29 பேரோடு பேரலையில் கவிழ்ந்தது. கரையில் இருந்த கஹானமோகு தன் மரப்பலகையோடு கடலில் பாய்ந்தார். அலையை எதிர்த்துப் பலகையைத் தள்ளிப் போய், ஆட்களை அதன் மேல் ஏற்றிக் கரை சேர்த்து, மறுபடி உள்ளே போனார். பிழைத்தது 12 பேர். அதில் 8 பேர் அவர் காப்பாற்றியவர்கள். 17 பேர் இறந்துபோனார்கள். கடற்கரைக் காவலர்கள் மீட்புப் பணிக்குப் பலகையைப் பயன்படுத்துவது பரவியதற்கு இந்தச் சம்பவம் ஒரு முக்கியக் காரணம்.

1934-ல் ஹொனலுலுவின் ஷெரீஃப் தேர்தலில் வென்றார். தொடர்ந்து 13 முறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1961-ல் அந்தப் பதவியே ஒழிக்கப்படும்வரை நீடித்தார். 1940-ல் நடீன் அலெக்சாண்டரைத் திருமணம் செய்துகொண்டார். 1968 ஜனவரி 22-ல், 77-வது வயதில் மாரடைப்பால் காலமானார். அஸ்தியை வைகிகி கடலில் கரைத்தார்கள்.

1990-ல் வைகிகியில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சுற்றுலா வருபவர்கள் அதன் கைகளில் பூமாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலை சாலையைப் பார்த்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. டியூக் கடலுக்கு முதுகு காட்டுகிற ஆளே இல்லையே என்று உள்ளூர்க்காரர்கள் அப்போதே சண்டைக்கு வந்தார்கள். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.